கெத்து, மரியாதை, மானம், பேரு: வடசென்னைல எது எங்க உக்காரும்?

தண்டையார்பேட்டை_தமிழ்

அகராதியைப் புரட்டினா மரியாதைக்கு மதிப்புன்னு போட்டிருக்கு. மதிப்புக்குப் போனா கௌரவம். கௌரவத்துக்குப் போனா திரும்பவும் மரியாதை. செக்கு சுத்தின மாதிரி ஆயிடுது. ஆனா தெருவுல பேசுறவங்க யாரும் இதைக் குழப்பிக்கிறதே இல்ல. "அவனுக்கு ஏரியால நல்ல மருவாதி" வேற, "செம கெத்து" வேற, "நல்ல பேரு" வேற. ஒண்ணை எடுத்துட்டு இன்னொண்ணை வெச்சா வாக்கியம் நொண்டும்.

நாலு பேர் முன்னாடி ஒரு மனுஷனுக்கு இருக்குற இடத்தைச் சொல்ற இந்தச் சொல்லெல்லாம் எங்கெங்க பொருந்தும், எங்க தப்பாப் போகும்னு விவரமா பேசலாமா? நோட்டீஸ் அடிக்கிறவங்க, கோர்ட்டுப் பக்கம் இருக்கிறவங்க, கிளப்பு நடத்துறவங்க எல்லாரும் இங்க இருக்கீங்க. அபிப்பிராயத்தை விட உதாரணமா குடுங்க.

பேசின்பிரிட்ஜ்

சொல்லுக்குப் பொருள் தேடாதீங்க, அது கூட எந்த வினை ஒட்டுதுன்னு பாருங்க. பாதி சிக்கல் அங்கயே தீந்துடும்.

மரியாதை குடுக்கலாம், வாங்கலாம், கெடுத்துக்கலாம். "மரியாதை குடுத்து மரியாதை வாங்கு"ன்னு சொல்றோம். அதாவது அது எதிராளி கையில இருக்குற சரக்கு. அவன் குடுத்தாதான் உண்டு.

மானத்தை யாராலயும் குடுக்க முடியாது. அது ஏற்கெனவே உங்ககிட்ட இருக்கு. போகலாம், காப்பாத்தலாம், கப்பலேறலாம். இங்க ஒரு நுட்பம் இருக்கு. "மரியாதை வாங்கினான்"னா அவனுக்கு வரவு. "மானத்தை வாங்கினான்"னா பறிச்சான்னு அர்த்தம், நஷ்டம் நமக்கு. அதே 'வாங்கு'தான், திசை மட்டும் நேர் எதிர். "உயிர வாங்காத", "பிராணன வாங்காத", "மானத்த வாங்காத" மூணும் ஒரே அச்சுல வார்த்தது. வெளியூர்ல இருந்து வந்து தமிழ் கத்துக்கிறவங்க நிச்சயம் தடுக்கி விழுற இடம் இது.

பேரு எடுக்கணும், வாங்கணும். கெடும், ரிப்பேராகும். பேருக்கு எப்பவும் ஒரு இடம் வேணும்: கம்பெனில நல்ல பேரு, தெருவுல கெட்ட பேரு, மாமியார் வீட்ல பேரே இல்ல. ஒரே ஆளுக்கு மூணு எடத்துல மூணு பேரு இருக்கலாம். மானம் அப்படிப் பிரியாது.

அந்தஸ்து காகிதத்தோட வர்றது. கேபினட் அந்தஸ்து, மாநில அந்தஸ்து, சிறப்பு அந்தஸ்து. புதுச்சேரிக்காரங்க பல வருஷமா கேக்குறது மாநில அந்தஸ்து. 2019 ஆகஸ்ட்ல காஷ்மீருக்குப் போனது சிறப்பு அந்தஸ்து. அந்த இடத்துல 'மாநில மரியாதை'ன்னு எழுதிப் பாருங்க, சிரிப்பு வரும். ஒரு உத்தரவு குடுக்கும், இன்னொரு உத்தரவு எடுக்கும். சம்பந்தம் பேசுற இடத்துல "அந்தஸ்து பாக்குறாங்க"ன்னா அங்கயும் சொத்து, வேலை, வீடுன்னு எண்ணிப் பாக்கக்கூடிய விஷயம்தான்.

செல்வாக்கு உடைச்சா செல்+வாக்கு. சொன்ன வாக்கு செல்லணும். கவுன்சிலருக்கு அவர் போட்ட போன்ல தண்ணி லாரி வருதா இல்லயாங்கிறதுதான் செல்வாக்கு. நல்லவரா கெட்டவராங்கிறது அந்தச் சொல்லுக்குள்ள இல்லவே இல்ல.

காசிமேடு_கரை

வினைச் சோதனை கெத்துக்கு இன்னும் நல்லா வேலை செய்யும்.

கெத்து குடுக்க முடியாது, வாங்கவும் முடியாது. காட்டலாம், விட்டுடலாம், மெயின்டெயின் பண்ணலாம். "கெத்து காட்டாத"ன்னா எச்சரிக்கை. "கெத்தா இரு"ன்னா தைரியம் சொல்றது. "கெத்த உட்டுடாத"ன்னா அறிவுரை. வெறும் "கெத்துடா"ன்னா பாராட்டு. நாலும் நாலு தொனி. எழுத்துல மட்டும் பாத்தா முதலும் கடைசியும் ஒரே மாதிரி தெரியும்.

முக்கியமான விதி: கெத்துங்கிற பட்டத்தை அடுத்தவன்தான் தரணும். "எங்க ஏரியா கெத்து"ன்னு கூட்டமா சொல்லிக்கலாம். "எங்க அண்ணன் கெத்து"ன்னும் சொல்லலாம். "நான் கெத்து"ன்னு ஒருத்தன் சொன்ன உடனே எதிர்ல இருக்கிறவன் "சீன் போடாத"ன்னுவான். அங்கயே முடிஞ்சுது.

ஒரே நடத்தைக்குப் பாக்குறவனைப் பொறுத்துப் பேரு மாறும். பிடிச்சவன் பண்ணா கெத்து, பிடிக்காதவன் பண்ணா திமிரு. காசு செலவு பண்ணி பண்ணா பந்தா. வாயால மட்டும் பண்ணா பில்டப்பு, ஃபிலிம் காட்றது. பெரியவங்ககிட்ட பண்ணா தெனாவட்டு. கடைசில ஒண்ணும் நடக்கலன்னா எதுகையோட வந்து நிக்கும்: கெத்து இல்ல, வெத்து.

கிட்டப் போய்ப் பாக்கணும்னா கேரம் போர்டு பக்கத்துல நில்லுங்க. கடைசி காயும் ரெட்டும் மட்டும் இருக்கு. ரெட்டைப் போட்டு, அதே கையில ஃபாலோவும் போட்டு, ஸ்ட்ரைக்கரைத் தள்ளி வெச்சுட்டு ஒண்ணும் பேசாம பவுடர் டப்பாவை மூடுறான் பாருங்க, அது கெத்து. அதே ஆட்டத்தைப் போட்டுட்டு எழுந்து நின்னு தொடையைத் தட்டினா சீன். ரெண்டு பேருக்கும் பாயின்ட் ஒண்ணுதான். ஜெயிச்சதுல வித்தியாசம் இல்ல, ஜெயிச்சதுக்கு அப்புறம் இருக்குற அஞ்சு செகண்டுலதான் இருக்கு.

மூலக்கடை_மாணவன்

கெத்து தமிழே இல்லன்னு சொல்றாங்களே?

காசிமேடு_கரை

அந்தச் சண்டை ஹைகோர்ட் வரைக்கும் போயிடுச்சு தம்பி. தமிழ்ப் பேரு வெச்ச படத்துக்கு 2006-ல இருந்து கேளிக்கை வரி விலக்கு இருந்துது. 2016-ல இந்தச் சொல்லையே பேரா வெச்சு ஒரு படம் வந்தப்போ, இது தமிழ்ச் சொல் இல்லன்னு சொல்லி விலக்கு தர மறுத்தாங்க. தயாரிப்பாளர் வழக்குப் போட்டாரு. ஒரு தெருச் சொல்லு தமிழா இல்லயாங்கிறதுக்கு வரிப் பணம் கணக்குல பதில் தேட வேண்டியதாச்சு. இங்க பேசுறவங்களுக்கு அந்தச் சந்தேகம் எப்பவும் வந்ததில்ல. அதுக்கு மேல நான் வேர் தேட மாட்டேன். இணையத்துல சுத்துற வேர்க்கதை பாதி கதைதான்.

எண்ணூர்_எழுத்து

வேர் தெரிஞ்ச சொல்லுக்கு வேர் பாக்குறதுல பலன் உண்டு.

மரியாதை வடமொழி மர்யாதாவிலிருந்து வந்தது. அங்கே அதற்கு எல்லை, கரை என்று பொருள். கடல் தாண்டாமல் நிற்கிற கரை. அந்தப் பழைய பொருள் நம் தெருவில் இன்னும் உயிரோடு இருக்கிறது. "மரியாதையா போயிடு" என்று சொல்கிறவர் யாருக்கும் மதிப்புக் கொடுக்கவில்லை. எல்லையைத் தாண்டாதே, இதோடு நிறுத்திக்கொள் என்கிறார். "மருவாதி கெட்டுடும்" என்பதும் அதேதான்: இதுவரை போட்டு வைத்திருக்கும் கோட்டை நான் அழித்துவிடுவேன். மரியாதையை வெறும் பணிவு என்று புரிந்துகொண்டவர்களுக்கு இந்த மிரட்டல் தொனி எப்படி வந்தது என்பதே விளங்காது.

கௌரவம் 'குரு' என்பதிலிருந்து வருகிறது. குரு என்றால் கனமானது. நம் ஆட்கள் வடமொழி இலக்கணம் படித்துவிட்டா "வெயிட்டு காட்றான்", "வெயிட்டான பார்ட்டி" என்கிறார்கள்? படிக்காமலே அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். நடுவில் அரசாங்கத் தமிழும் அதே தராசைத் தூக்கியது. ஒரு காலத்தில் மந்திரிகள் 'கனம் மந்திரி'. பிறகுதான் 'மாண்புமிகு' வந்தது. ஸ்ரீ, ஸ்ரீமதி போய் திரு, திருமதி அரசு வழக்கானதும் 1967-க்குப் பிறகு.

ஆனால் 'கௌரவ' என்று முன்னொட்டாக வரும்போது அந்தக் கனம் கரைந்துவிடுகிறது. கௌரவத் தலைவர் என்றால் கையெழுத்து அதிகாரம் இல்லாதவர். கௌரவ விரிவுரையாளர் என்றால் பணி நிரந்தரம் இல்லாதவர். பட்டம் இருக்கிறது, பிடிமானம் இல்லை.

இன்னொரு இடத்தில் அந்தச் சொல்லைத் தெரிந்தே கைவிட்டார்கள். சாதி மாறித் திருமணம் செய்த பிள்ளைகளைக் குடும்பமே கொல்வதற்குத் தமிழ்ப் பத்திரிகைகள் முன்பு 'கௌரவக் கொலை' என்றே எழுதின. கொலை செய்தவனுக்கு அதில் கௌரவம் இருப்பதாகத் தலைப்பே ஒப்புக்கொள்கிறதே என்று எதிர்ப்பு எழுந்தது. 'ஆணவக் கொலை' என்ற சொல் போராட்ட மேடையிலிருந்து செய்தித் தலைப்புக்கு ஏறியது. இன்று பெரும்பாலும் அதுதான் புழக்கம். குடும்ப மானம் என்று கொலைகாரன் சொல்வதைச் செய்தியாளன் மேற்கோளாக எழுதலாம், தன் சொல்லாக எழுதக் கூடாது. இந்த இழையில் பேசும் எல்லாச் சொல்லிலும் இந்த ஒன்றுக்குத்தான் உயிர்ச் சேதக் கணக்கு உண்டு. அதனால் கொஞ்சம் நீட்டிவிட்டேன்.

வியாசர்பாடி_வாய்ஸ்

நீங்க யாருமே இன்னும் 'நீ', 'நீங்க' பக்கம் வரல. மரியாதை தினமும் அடிபடுறது அங்கதான்.

தெக்க இருந்து வர்றவங்க முதல் நாளே முகம் சுளிக்கிறது எதுக்கு? "வா ணா, உக்காரு ணா, இன்னா சாப்பிட்ற?" வினை ஒருமையில இருக்கு, அதனால மரியாதை இல்லன்னு முடிவு பண்றாங்க. இந்தப் பக்கம் மரியாதையைச் சுமக்கிறது வினை இல்ல, பின்னாடி ஒட்டுற உறவுச் சொல்லு. ணா, க்கா, மா, பா, நைனா. "வா"ன்னா மொட்டை. "வா ணா"ன்னா முழுசு. "வாங்க"ன்னா ஆள் தெரியாதவரு, இல்லன்னா அதிகாரி, இல்லன்னா கோவமா இருக்காங்க.

கடைசி சொன்னது விளையாட்டு இல்ல. தினமும் "இன்னா ணா"ன்னு கூப்பிட்டவன் திடீர்னு "சொல்லுங்க சார்"னா உறவை வெட்டிட்டான்னு அர்த்தம். மரியாதை ஏறல, தூரம் ஏறியிருக்கு.

தப்பு எங்க நடக்கும்னா: வயசுல சின்னவங்க ணா, க்கா ஒட்டாம ஒருமையில பேசினா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்ககிட்ட முதல் சந்திப்புலயே ஒருமை போட்டா, ஆள் இல்லாதப்போ "அவரு"ன்னு சொல்ல வேண்டிய இடத்துல "அவன்"னு சொன்னா. மூணாவதுதான் பெரிய தப்பு. நேர்ல "வா ணா"ன்னு ஒருமை போடலாம், முதுகுக்குப் பின்னாடி "அண்ணன் வந்தாரு"ன்னுதான் சொல்லணும். "அண்ணன் வந்தான்"னு சொன்னா கூடப் பொறந்த அண்ணனா இருக்கணும், இல்லன்னா பகை.

பேசின்பிரிட்ஜ்

இந்த 'ணா' ஆம்பளைங்க விஷயம் மட்டும் இல்ல. மீன் மார்க்கெட்ல "க்கா" போட்டுப் பேரம் பேசினா ஒரு விலை, "ஏம்மா"ன்னு ஆரம்பிச்சா வேற பதில். அந்த 'ஏம்' இருக்கே, அதுதான் கெடுக்கும். வெறும் "மா" கெடுக்காது.

டிடிபி_மின்ட்

அச்சுக்கு வருவோம். வாய்ல பேசின மரியாதை காத்துல போயிடும், அச்சுல வந்தது மூணு நாள் தெருவுல தொங்கும். பத்திரிகை, நோட்டீஸ், பேனர் எதுவா இருந்தாலும் சண்டை வர்றது அடைமொழி, வரிசை, எழுத்து அளவு இந்த மூணுலதான்.

வரிசை முதல்ல. 'தலைமை' ஒருத்தர் மட்டும். 'முன்னிலை'ல எத்தனை பேர் வேணாலும் வரலாம். 'சிறப்பு அழைப்பாளர்' வெளியில இருந்து பேச வர்றவரு. 'வரவேற்புரை', 'நன்றியுரை' நடத்துற ஆளுங்க. சம அந்தஸ்துள்ள ரெண்டு பேர் இருந்தா தலைமையில ரெண்டு பேரைத் திணிக்காதீங்க. வேற ஒரு மூத்தவரைத் தலைமையில போட்டு, இவங்க ரெண்டு பேரையும் முன்னிலைல பக்கத்துப் பக்கத்துல போடுங்க. அப்பவும் இடது பக்கம் யாருன்னு கேள்வி வரும், ஏன்னா அதுதான் முதல்ல படிக்கப்படும். அகர வரிசைப்படி அடுக்கி, 'அகர வரிசைப்படி'ன்னு ஒரு வரி சின்னதா அச்சடிச்சிடுங்க. அந்த ஒரு வரி நிறைய போன் காலைத் தடுக்கும்.

எழுத்து அளவு. ஒரே படியில இருக்குற எல்லார் பேரும் ஒரே பாயின்ட்ல இருக்கணும். புதுசா டிசைன் பண்றவங்க கட்டத்தை நிரப்ப பேரை இழுத்து விடுவாங்க. 'மணி' பூதாகரமா ஆயிடும், 'வெங்கடகிருஷ்ணன்' எறும்பாயிடும். வெங்கடகிருஷ்ணன் வீட்ல இருந்து ஸ்கேலோட வருவாங்க. நீளப் பேரை ரெண்டு வரியா உடைங்க, அளவைக் குறைக்காதீங்க. படிப்பு, பதவி எல்லாம் பேருக்குக் கீழ பாதி அளவுல.

படிக்கிற தூரத்துக்குக் கணக்கு: 10 அடிக்கு 1 அங்குல எழுத்து உயரம். 40 அடி தள்ளி நிக்கிறவன் படிக்கணும்னா 4 அங்குலம். இந்த அளவை 'ப', 'ட' மாதிரி கொம்பு, சுழி இல்லாத எழுத்து மேல வெச்சு எடுங்க. கி, கீ, ணூ எல்லாம் மேலயும் கீழயும் நீளும், அதனால வரி இடைவெளி தாராளமா விடணும். ஃப்ளெக்ஸுக்கு சதுர அடி கணக்குல காசு. அந்த மிச்சத்துக்கு ஆசைப்பட்டு 60 பேரைத் திணிச்சா ஒருத்தர் பேரும் தெரியாது, 60 பேருக்கும் மனஸ்தாபம். பொது இடத்துல பேனர் வைக்க மாநகராட்சி அனுமதி வேணும், அது தனி வேலை.

அடைமொழி. அமைச்சருக்கு மாண்புமிகு. நீதிபதிக்கு மாண்பமை. இதை மாத்திப் போடுறவங்க ரொம்பப் பேர். ஆயருக்கு மேதகு, பங்குத் தந்தைக்கு அருட்தந்தை, கன்னியாஸ்திரிக்கு அருட்சகோதரி. முஸ்லிம் பெரியவங்களுக்கு ஜனாப், ஹஜ் போய் வந்தவங்களுக்கு ஹாஜி அல்லது அல்ஹாஜ், மார்க்கக் கல்வி முடிச்சவருக்கு மவ்லவி. இடதுசாரிங்களுக்குத் தோழர் ஒண்ணே போதும். அதுக்கு முன்னாடி உயர்திரு போட்டா அவங்களே அடிச்சு அனுப்புவாங்க. ராயபுரம் மாதிரி இடத்துல ஒரே நோட்டீஸ்ல இவங்க எல்லாரும் வருவாங்க. அதனால எல்லாருக்கும் 'திரு' போட்டுத் தப்பிக்கலாம்னு பாக்காதீங்க. அவரவர் வழக்கம் என்னன்னு கேட்டுப் போடுங்க.

இறந்தவங்க பேரு வர்ற கல்யாணப் பத்திரிகைல கவனம் அதிகம் வேணும். தெய்வத்திரு, மர்ஹூம், அமரர், வெறும் லேட். குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். உயிரோட இருக்குறவருக்குத் தவறிப் போய் 'அமரர்' விழுந்தா அந்தக் கட்டு முழுக்கத் திரும்ப அடிக்கணும். மேட்டர் டைப் பண்ணினவரை விட்டுட்டு வேற ஒருத்தரை ப்ரூஃப் பாக்கச் சொல்லுங்க.

'ஏரியாவின் கெத்து'ன்னு அடிக்கச் சொல்லிப் பசங்க வருவாங்க. பிறந்தநாள் பேனர்னா அடிக்கலாம். கோயில் நோட்டீஸ்ல, காதணி விழாவுல, அஞ்சலில அடிக்கக் கூடாது. அங்க கெத்து வந்தா கேலி மாதிரி தொனிக்கும்.

மூலக்கடை_மாணவன்

அஞ்சலி போஸ்டர்ல கெத்து போட்டு நிறையப் பாத்திருக்கோமே?

டிடிபி_மின்ட்

பாத்திருப்பீங்க. கூட்டாளிங்க தனியா ஒட்டுற போஸ்டர் அது. வீட்டுக்காரங்க ஒட்டுறதுல பாத்திருக்க மாட்டீங்க. ஒரே சுவத்துல ரெண்டும் பக்கத்துல இருக்கும். ஒண்ணுல 'எங்கள் கெத்து', இன்னொண்ணுல 'பாசமிகு தந்தை'.

எண்ணூர்_எழுத்து

சாவு வீடு என்றதும் நினைவுக்கு வருகிறது. மரியாதை இங்கே 'செலுத்த' வேண்டிய ஒன்றாக மாறும். இறுதி மரியாதை, மலர் வளையம், மாலை. மாலை போடுவதற்குக் கையில் மாலையோடு போனாலும் செருப்பை வாசலுக்கு வெளியே விட வேண்டும். போட்ட பிறகு வீட்டு ஆண் ஒருவரின் கையைப் பிடித்துவிட்டுச் சொல்லிக்கொள்ளாமல் நகர்ந்துவிட வேண்டும். "போயிட்டு வரேன்" அங்கே கூடாது.

'அரசு மரியாதை' என்பது காவல் துறை அணிவகுப்பு, குண்டு முழக்கம் என்று பதவியில் இருந்தவர்களுக்கும் பெரும் புகழ் பெற்றவர்களுக்குமே நடந்தது. 2023 செப்டம்பரில், உடல் உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கும் அரசு மரியாதையோடு நடக்கும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. அதற்குப் பிறகு கூலித் தொழிலாளி வீட்டுக்கும் மாவட்ட நிர்வாகத்திலிருந்து மலர் வளையம் வருகிறது. அந்தஸ்தோடு கட்டிப்போட்டிருந்த ஒரு மரியாதையை அந்த அறிவிப்பு ஒரு செயலோடு சேர்த்துக் கட்டியது. அரசாங்கம் சொல்லை மாற்றவில்லை, யாருக்கு என்பதை மட்டும் மாற்றியது.

கோயிலில் 'முதல் மரியாதை' கண்ணுக்குத் தெரியும் பொருளாகவே இருக்கும்: தலையில் கட்டும் பரிவட்டம், சாமி கழுத்திலிருந்து வரும் மாலை, பெருமாள் கோயிலாக இருந்தால் தீர்த்தம், சடாரி. ஆடி மாதக் கூழ் வார்த்தலில் சிறிய அம்மன் கோயிலிலும் பரிவட்டம் யாருக்கு முதலில் என்பதில்தான் பிணக்கு வரும், மாலைக்கு வராது. மாலை பத்துப் பேருக்கு விழலாம், முதல் பரிவட்டம் ஒருவருக்குத்தான். விழாக் குழு முன்கூட்டியே செய்ய வேண்டியது, சுழற்சி முறையை எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி வைப்பது. அன்று காலையில் பேசித் தீர்க்கலாம் என்று விட்டால் தேர் நகராது.

காசிமேடு_கரை

ரோஷத்தை யாரும் சேக்கல. வடசென்னைல அந்தக் காலத்துக் குத்துச்சண்டை போஸ்டர்ல 'ரோஷமான ஆங்கிலக் குத்துச்சண்டை'ன்னுதான் தலைப்பு. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரைன்னு மோதுவாங்க. பரம்பரைன்னா ரத்த வாரிசு இல்ல, ஒரே வாத்தியார் வழி. தோத்தா போறது ஆள் மானம் மட்டும் இல்ல, அந்தப் பரம்பரை பேரே போயிடும்.

மானம் இருக்குறது, ரோஷம் வர்றது. மானத்துல கை வெச்சா ரோஷம் வரும். அது வரலன்னா "மானம் ரோஷம் இருக்கா உனக்கு"ன்னு ரெண்டையும் சேத்துக் கேப்பாங்க. கெத்துக்கு ரோஷம் தேவையே இல்ல. இன்னும் சொல்லப்போனா ரோஷப்பட்டுக் கத்தினாலே கெத்து போச்சு.

வியாசர்பாடி_வாய்ஸ்

பொம்பளைங்களுக்குக் கெத்து சொல்றதில்லன்னு யாராவது ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி: தாராளமா சொல்றாங்க. 2024-ல அமெரிக்காவுல நடந்த கேரம் உலகக் கோப்பையில மூணு தங்கம் எடுத்த காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பொண்ணு, ஆட்டோ ஓட்டுறவரு மகள். அந்தச் சேதி வந்தப்போ இந்தப் பக்கம் எல்லார் ஸ்டேட்டஸ்லயும் இருந்த சொல்லு என்னன்னு தனியா சொல்லணுமா?

இதுல கவனிக்க வேண்டியது வேற. பசங்க பஸ் கூரை மேல ஏறி ஆட்டம் போடுறதையும் கெத்துன்னுதான் சொல்லிக்கிறாங்க. 2019 ஜூன்ல காலேஜ் பசங்க கொண்டாடுற பஸ் டேன்னு கூரையில உக்காந்து போய், டிரைவர் பிரேக் போட்டதும் கொத்தா ரோட்டுல விழுந்தாங்களே, அந்த வீடியோ பாத்த ஊரே அன்னிக்கு வெத்துன்னுது. யார் பயந்து வழி விட்டாலும் அதை மரியாதைக் கணக்குல எழுதிக்கிற பழக்கம் இருக்கு. பயந்து எழுந்து நிக்கிறவன் நீங்க திரும்பினதும் "அவன்"னுதான் சொல்லுவான். மேல சொன்ன அவன், அவரு சோதனையை அங்க போட்டுப் பாருங்க.

சௌகார்பேட்டை_ஸ்டால்

கூடுதல் தகவல். இந்தப் பக்கம் ஒரே கடைல மூணு பாஷை ஓடும். உருது, இந்திக்காரங்க இஜ்ஜத்ன்னுவாங்க, தெலுங்குக்காரங்க பருவுன்னுவாங்க. ரெண்டும் நம்ம மானத்துக்குப் பக்கத்துல நிக்கும், 'போச்சு' தான் அதிகம் ஒட்டும். ஆனா கடன் குடுக்கறப்போ எல்லா பாஷைக்காரங்களும் கேக்குறது தமிழ்ல 'பேரு' தான். பேரு எப்படி, மார்க்கெட்ல பேரு எப்படி? மானஸ்தனா இருக்குறது நல்லதுதான், ஆனா தவணை தேதிக்குப் பணம் வருமாங்கிறதுக்கு அதுல பதில் இல்ல.

ஜார்ஜ்டவுன்_குமாஸ்தா

மானம் போச்சுன்னு ஸ்டேஷனுக்கு ஓடுறவங்களுக்காக இதை எழுதறேன். சட்டம் பாக்குறது மானத்தை இல்ல, பேரை. பேரு மானநஷ்ட வழக்குன்னு இருந்தாலும் நோட்டீஸ் வாசகம் என்ன? 'சமூகத்தில் எமது கட்சிக்காரருக்குள்ள நற்பெயருக்குக் களங்கம் விளைவிக்கும் வகையில்'. மத்தவங்க மனசுல இருக்குற மதிப்பு குறைஞ்சுதாங்கிறதுதான் கேள்வி. உங்களுக்கு எவ்வளவு வலிச்சுதுங்கிறது அப்புறம்.

அதனால மூணாவது மனுஷன் ஒருத்தராவது கேட்டிருக்கணும், பாத்திருக்கணும். தனியா நிக்க வெச்சு என்ன திட்டினாலும் அவதூறு ஆகாது. வம்புக்கு இழுக்குற மாதிரி வேணும்னே அவமானப்படுத்தினா புது தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 352, பொது இடத்துல ஆபாச வார்த்தைன்னா 296. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல இது 504, 294(பி). அவதூறு பழைய 499, 500. 2024 ஜூலை 1-ல இருந்து 356. ரெண்டு வருஷம் வரைக்கும் வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது ரெண்டும், அல்லது சமூக சேவை.

அவதூறுக்கு போலீஸ் நேரா எஃப்.ஐ.ஆர். போட முடியாது. பாதிக்கப்பட்டவரே மாஜிஸ்திரேட்கிட்ட தனிப் புகார் கொண்டு போகணும். ஸ்டேஷன்ல மனு ரசீது குடுத்து அனுப்பினா அவங்க அலட்சியம் பண்றாங்கன்னு நினைக்காதீங்க, சட்டம் அப்படி. கிரிமினல் புகாருக்கு மூணு வருஷ அவகாசம். நஷ்டஈடு கேட்டு சிவில் போறதா இருந்தா ஒரே வருஷம்தான். இந்த ஒரு வருஷத்தைக் கோட்டை விடுறவங்கதான் அதிகம். பஞ்சாயத்து, சமாதானம்னு இழுத்துட்டு பதினாலாவது மாசம் வருவாங்க. கோர்ட் ஃபீயும் யோசிக்கணும்: கேக்குற தொகைக்கு 3 சதவீதம். 10 லட்சம் கேட்டா 30,000 ரூபாய் கட்டிட்டுதான் ஆரம்பிக்கணும். கெத்துக்காக ஒரு கோடி போடுங்கன்னு சொல்றவங்க இந்தக் கணக்கைக் கேட்டதும் குரலைத் தாழ்த்திடுவாங்க.

நோட்டீஸ்ல தப்பாப் போறது எங்கன்னா, பேசின வார்த்தையை அப்படியே எழுத மாட்டாங்க. 'தகாத வார்த்தைகளால் திட்டினார்'னு நாகரிகமா முடிச்சுடுவாங்க. அது பத்தாது. என்ன சொன்னாரோ அதே சொல்லு, அதே ஒருமையில, மேற்கோள் குறிக்குள்ள வரணும். தேதி, நேரம், இடம், யார் யார் கேட்டாங்க. அந்த வார்த்தை வட்டார வழக்கா இருந்தா இந்தப் பகுதியில அதுக்கு என்ன அர்த்தம்னு அடுத்த வரியில விளக்கணும். இந்த இழையில நீங்க பண்ற வேலைதான், கையெழுத்தோட.

"உண்மையைத்தானே சொன்னேன்"ங்கிறது சிவில் வழக்குல முழுத் தற்காப்பு. கிரிமினல்ல பத்தாது. உண்மையாவும் இருக்கணும், பொது நன்மைக்காகவும் சொல்லியிருக்கணும். கிரிமினல் அவதூறுப் பிரிவே வேணாம்னு போன வழக்குல 2016-ல உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும்னு சொல்லிடுச்சு. நற்பெயர் அரசியல் சாசனத்தோட 21-ம் பிரிவு தர்ற உயிர் வாழும் உரிமைக்குள்ள அடங்கும்னு அதுல இருக்கு.

தண்டையார்பேட்டை_தமிழ்

வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தர் பேரை இழுத்து வாய்ஸ் நோட் போட்டா?

ஜார்ஜ்டவுன்_குமாஸ்தா

குரூப்ல மத்தவங்க கேட்டாச்சு, அது போதும். ஆதாரத்தை ஒழுங்கா வெச்சிக்கணும். ஸ்கிரீன்ஷாட் எடுத்த போன்லயே அசல் மெசேஜும் வாய்ஸ் ஃபைலும் இருக்கணும். போனை மாத்தாதீங்க, ரீசெட் பண்ணாதீங்க. மின்னணு ஆதாரத்தோட சான்றிதழ் ஒண்ணு இணைக்கணும். பழைய சாட்சியச் சட்டத்துல 65பி, இப்போ பாரதிய சாட்சிய அதினியம் 63. புது படிவத்துல ஃபைலோட ஹேஷ் மதிப்பு, அதாவது அந்த ஃபைலை வெச்சுக் கணக்குப் போட்டு வர்ற கைரேகை மாதிரி ஒரு எண், கேக்குறாங்க, அதனால ஃபைலை வேற ஆப்ல போட்டு வெட்டி ஒட்டாதீங்க. வெட்டின நிமிஷமே அந்த எண் மாறிடும். குரூப்ல யார் யார் இருந்தாங்கங்கிற பட்டியலையும் அன்னிக்கே எடுத்து வெச்சிடுங்க. விஷயம் பெருசானா நாலு பேர் நைசா வெளிய போயிடுவாங்க.

காசிமேடு_கரை

தனி சாட்ல போட்டா?

ஜார்ஜ்டவுன்_குமாஸ்தா

மூணாவது ஆள் பாக்கல, அவதூறு நிக்காது. அதுல மிரட்டல் இருந்தா நியாய சன்ஹிதா 351. இன்னொரு விஷயம், அதை நீங்களே ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஊரெல்லாம் ஃபார்வர்டு பண்ணிட்டு மானம் போச்சுன்னு வராதீங்க. பரப்பினது யாருன்னு எதிர்த் தரப்பு வக்கீல் கேக்குற முதல் கேள்வியே அதுதான்.